கெட்ட தூது

பெரியகல்லாற்றில் விஷகடி வைத்தியம் பார்த்த நல்லரத்தினத்துக்குப் பாம்பைப் பற்றிப் பயம் இல்லை. பாம்பு கடித்து வாயில் நுரை தள்ளிக் கிடப்பவனைக் கண்டும் பயம் இல்லை. அவருடைய பயமெல்லாம் வாசலில் வந்து நிற்கும் தூதன்மேல்தான்.

அந்தக் காலத்து விஷகடி வைத்தியர்கள் நோயாளியைப் பார்த்து முடிவு சொல்வதில்லை. அழைக்க வந்த ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வந்தவன் ஈரத்துணியோடு நின்றால் கெட்ட தூது. கையில் கயிறோ கத்தியோ இருந்தால் கெட்ட தூது. தெற்கைப் பார்த்து நின்றாலும், தலைமயிர் கலைந்து வந்தாலும், அழுதாலும் கெட்ட தூதுதான். காய்ந்த வேட்டி, கையில் வெற்றிலை, கிழக்குப் பார்த்த முகம், பதறாத பேச்சு, இப்படி வந்தால் நல்ல தூது. வைத்தியர் மருந்துப் பெட்டியைத் தூக்குவார். கெட்ட தூதுக்குப் போனால் கடிபட்டவன் பிழைக்கமாட்டான் என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. போன வைத்தியரின் கையும் செத்துப்போகும். அதற்குப் பிறகு அவர் தொட்ட ஒன்றும் தேறாது. வீட்டில் ஓர் ஆளைப் பாம்பு கடித்துக் கிடக்க, அழாமல் பதறாமல் வெற்றிலையும் கையுமாக எவன் வருவான் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். பெரியகல்லாற்றில் அப்போது அதை யாரும் கேட்கவில்லை.

நல்லரத்தினமும் நாற்பது வயதுவரை கேட்கவில்லை. சாத்திரம் பிசகாதவர் என்று அவருக்குப் பெயர். சொந்தச் சிற்றப்பனைப் புடையன் பாம்பு கடித்தபோது வந்தவன் கையில் கத்தியோடு வந்தான் என்று போகாமல் இருந்த மனிதர். ஊர் அதை மெச்சிப் பேசியது. ஊருக்கென்ன, செத்தது ஊரின் சிற்றப்பன் இல்லையே.

அவரை ஆட்டிவைத்தது கோணாமலையின் சாவு.

கோணாமலை அவர் மனைவி மங்கையற்கரசியின் ஒரே அண்ணன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வயல் வட்டைக்குள் விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது வரம்பில் நாகம் தீண்டியது. அழைக்க வந்தவன் அதே வட்டையில் வேலை செய்த வினாயகமூர்த்தி. எப்படி வந்தான் தெரியுமா? வெள்ளை வெளேரென்று காய்ந்த வேட்டி. சீவின தலை. கையில் ஒரு கூறு வெற்றிலை. கிழக்குப் பார்த்து நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல நிதானமாகச் சொன்னான். நல்லரத்தினத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இதைவிட நல்ல தூதைத் தம் வாழ்நாளில் அவர் கண்டதில்லை. "பயப்படாத மங்கை, உன்ட அண்ணன் தப்பிட்டான்" என்று மனைவிக்குச் சொல்லி, அந்த வெற்றிலையிலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் தோணி ஏறினார்.

போய்ச் சேர்ந்தபோது கோணாமலையின் மூச்சு நின்றிருந்தது. உடம்பு இன்னும் சுட்டது.

நல்ல தூது பொய்த்துப்போனது. இது எப்படி நடக்கும்? ஏட்டைப் புரட்டினார். நாளைப் பார்த்தார், நட்சத்திரத்தைப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. வினாயகமூர்த்தியைப் பிடித்து விசாரிக்கலாம் என்றால் அவன் இவரைத் தெருவில் கண்டாலே குச்சொழுங்கைக்குள் புகுந்து மறைந்தான். மங்கையற்கரசியோ அண்ணன் பேச்சை எடுத்தாலே எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு நூல் இழுபட்டால் துணியே பிரியும் என்பார்கள். நல்ல தூது பொய்க்குமானால் கெட்ட தூது மட்டும் மெய்யாகவே இருக்குமா? கெட்ட தூது வந்தவர்கள் எல்லாரும் செத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் ஒருவரிடமும் அவர் போகவில்லை. தூது கெட்டதால் செத்தார்களா, வைத்தியன் போகாததால் செத்தார்களா? அவர் தகப்பனும் போனதில்லை, தகப்பனுக்குத் தகப்பனும் போனதில்லை. போய்ப் பார்த்தவன் ஒருவன்கூட இல்லாமல் எல்லாரும் எதை வைத்து இவ்வளவு அடித்துச் சொன்னார்கள்?

இந்தக் கேள்வி புகுந்த பிறகு மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே எழுந்து முற்றத்தில் நடந்தார். மருந்து இடிக்க உட்கார்ந்தால் உலக்கையை நட்டுவைத்துவிட்டு வெளிக்கிட்டார். தாம் போக மறுத்த வீடுகளுக்கெல்லாம் போய், "உங்கட ஆள் எந்த நேரம்வரைக்கும் பேசினவர்? கண் எப்ப மூடினது?" என்று கேட்டார். எந்த வீடு பொறுக்கும்? ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் விளக்குமாறு வெளியே வந்தது. பரிசாரியாருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா?

வடக்கே மாங்கேணியில் பெரிய விஷகடி வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வண்டியிலும் காலிலுமாக அங்கேயும் போனார். அவர் பணிவாகத்தான் உபசரித்தார். "ஏட்டில இருக்கு, தம்பி" என்றார்.

"ஏடு எழுதினவர் போய்ப் பாத்து எழுதினாரா, போகாம எழுதினாரா?" என்று நல்லரத்தினம் கேட்டார்.

உபசாரம் அத்தோடு முடிந்தது.

அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் காத்தான்குடி ஹமீட். அவனுக்குப் படுவான்கரையில் கொஞ்சம் வயல் இருந்தது. போக வர நல்லரத்தினத்தின் வளவில் நின்று தண்ணீர் குடித்து, ஊர்ப் புதினம் சொல்லிவிட்டுப் போவான். கல்லடியில் பாலம் வந்ததிலிருந்து பட்டணத்துச் சமாசாரமெல்லாம் அவன் வாயில்தான் வந்து சேரும். நல்லரத்தினம் தம் சிக்கலை அவிழ்த்துக் கொட்ட, ஹமீட் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"பரிசாரியார், ஆழம் பாக்காமக் கால விடாதயெண்டு எல்லாரும் சொல்றாங்க. சரி. கால விடாம ஆழம் எப்பிடிப் பாக்கிற?"

"விட்டா என்ட கை செத்துப்போகும், ஹமீட்."

"செத்தா என்னோட வந்து வேளாண்மை செய்ங்க. மம்பெட்டி பிடிக்க இந்தக் கை போதும்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவன் சிரித்தது நல்லரத்தினத்துக்கு ஆறவில்லை. தமக்குப் பயம் என்பதைத்தான் அவன் நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போகிறான் என்று தோன்றியது. பயம்தான். இந்தக் கை போனால் அவர் யார்? மனைவியின் சீதன வளவில் குந்தியிருந்து சாப்பிடும் ஓர் ஆள். அவ்வளவுதான். ஆனால் இப்படியே ஒன்றும் தெரியாமல் கிழவனாகி, "ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாமே" என்று நினைத்துக்கொண்டே சாகப்போகிறோம் என்ற எண்ணம் வரும்போது அந்தப் பயம் சிறிதாகிப்போனது.

நெல் வெட்டு முடியும் தறுவாயில் ஒருநாள் உச்சி வெயிலில் வேலி வாசல் கடப்படியில் ஆள் ஓடிவரும் சத்தம் கேட்டது. நல்லரத்தினம் மருந்துப் பட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

ஹமீட். உடுத்தியிருந்த சாரம் இடுப்புவரை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. தலைத் துணி எங்கேயோ விழுந்து மயிர் கலைந்து நின்றது. தோணி கட்டும் கயிற்றைக் கட்டாமல் கையோடு பிடித்துக்கொண்டு வந்திருந்தான். நின்றதும் தெற்கைப் பார்த்து. கண்ணால் தாரைதாரையாக ஓடிக்கொண்டிருந்தது. கெட்ட தூதுக்குச் சொன்ன இலக்கணமெல்லாம் ஒரே ஆளில் வந்து நின்றன.

"பரிசாரியார், ஸஹீதாவக் கடிச்சிட்டு. பன் புடுங்கப் போன இடத்தில, கையில. நாகம். நான் கண்ணால கண்டன்." மூச்சு வாங்கினான். "உங்கட சாத்திரம் எனக்குத் தெரியும். நனைஞ்சுதான் வந்திருக்கன். கயிறும் கையில கிடக்கு. மாத்திக்கொண்டு வர என்னட்ட நேரம் இல்ல. வாறதெண்டா வாங்க."

ஸஹீதா அவன் மனைவி. வெட்டுக்காலத்தில் படுவான்கரை வயல்வாடிக் குடிசையில் அவனோடும் அவன் உம்மாவோடும் தங்கியிருந்து, பாய் இழைக்கப் பன்புல் சேர்ப்பாள். நல்லரத்தினம் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தார்.

மங்கையற்கரசி கடப்பின் குறுக்கே வந்து நின்றாள்.

"இஞ்சேருங்க, உங்களுக்குக் கண் தெரியல்லயா? அவன் நிக்கிற நிலையப் பாருங்க."

"பாத்தன்."

"பாத்துமா போறயள்?"

"பாத்ததாலதான் போறன், மங்கை. இண்டைக்குப் போகாட்டி நான் இனி எண்டைக்கும் போகமாட்டன்."

"சொந்தச் சித்தப்பாவுக்குப் போகல்ல. ஊர்ல ஆருக்கும் போகல்ல. இப்ப மட்டும் என்ன வந்தது? இது என்ட வளவு. போறதெண்டா இந்தக் கடப்பைத் திரும்பத் தாண்டாதீங்க!"

அவள் கோபக்காரிதான், ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. உதடு நடுங்கியது. தம் கை செத்துப்போகும் என்ற பயத்தில் நடுங்குகிறாள் என்று நல்லரத்தினம் நினைத்தார். அவளை மெல்ல ஒதுக்கிவிட்டுக் கடப்பைத் தாண்டினார். பின்னால் அவள் என்னவோ சொன்னாள். அவர் காதில் விழவில்லை.

வாவியைக் கடக்கும் நேரமெல்லாம் அவர் உட்காரவே இல்லை. தோணி ஆடியது. ஹமீட் தாங்குகம்பை ஊன்றி ஊன்றித் தள்ளினான். தள்ளத் தள்ள அக்கரை பின்வாங்கிப் போவதுபோல இருந்தது. திரும்பிவிடலாம் என்று ஒருமுறை நினைத்தார். வாயில் வந்தது "கெதியாத் தள்ளு" என்பதுதான். தம் கைகளைப் பார்த்தார். இன்னும் உயிரோடுதான் இருந்தன.

வாடிக்குள் ஸஹீதாவை ஹமீடின் உம்மா சித்தி நபீஸா மடியில் தாங்கியிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே துணிக்கிழிசலால் கட்டியிருந்தார்கள். கை வீங்கிப் பளபளத்தது. கண்ணிமை பாதிக்கு மேல் திறக்கவில்லை. பேச்சு குழறியது. ஆனால் பேசினாள். நல்லரத்தினத்துக்குத் திக்கென்றது. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு பேச்சு மிச்சம் இருக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தது மிகக் குறைவு.

மந்திரத்தைத் தொடங்கினார். நடுவில் நாக்குத் தடுமாறியது. இருபது வருஷத்தில் தடுமாறாத மந்திரம். சரி, கை சாகத் தொடங்கிவிட்டது என்று நினைத்தார். மந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு மருந்தில் இறங்கினார். பச்சிலைச் சாற்றைப் பிழிந்து வாயில் வார்த்தார். மூக்கில் நசியம் இட்டார். கண்ணுக்குக் கலிக்கம் போட்டார். அவளைத் தூங்கவிடாதபடி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி உம்மாவிடம் சொன்னார். வெயில் சாயச் சாய ஸஹீதாவின் தலை தொங்கியது. எச்சில் தொண்டைக்குள் இறங்கி மூச்சைக் கரகரக்க வைத்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலால் எச்சிலை வழித்து வழித்து எறிந்தார். வழிப்பதும் மூச்சைப் பார்ப்பதும், மறுபடி வழிப்பதுமாக இருந்தார்.

அந்த நேரத்தில் அவர் மனதுக்குள் ஓர் எண்ணம் எழுந்தது. இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். இவள் செத்தால் தகப்பன் சொன்னது சரி. சாத்திரம் சரி. சிற்றப்பன் விதி வந்து செத்தார், அவரைப்போல மற்றவர்களும் விதி வந்தே செத்தார்கள், நல்லரத்தினத்தின்மேல் ஒரு பிழையும் இல்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். இவள் பிழைத்தால்? பிழைத்தால் அத்தனை பேரும் அவர் போகாததால் செத்தவர்கள். இத்தனை மாதமாக அலைந்து அலைந்து தாம் தேடியது இதைத்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

விரலை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

விடியும்போது ஸஹீதாவின் மூச்சில் கரகரப்பு இல்லை. சூரியன் வாவிக்கு மேலே வந்தபோது கண்ணிமை தூக்கியது. பக்கத்தில் இருந்த அந்நிய ஆம்பிளையைக் கண்டு, நல்ல கையால் முக்காட்டைத் தேடினாள்.

"உம்மா," என்றாள், "புடுங்கின பன்னெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கு."

"கிடந்துட்டுப் போகுது, மகள்! கிடந்துட்டுப் போகுது!" என்று சித்தி நபீஸா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஹமீட் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மண்ணில் விழுந்தான். எழுந்து வந்து நல்லரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவர் வாய்விட்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அவன் நினைத்தான்.

திரும்பி வரும்போதும் மனம் அடங்கவில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம் என்று தமக்குத் தாமே வாதாடினார். பாம்பு முழு விஷத்தையும் விட்டிருக்காது. மருந்து கேட்டிருக்காது, அவளாகவே தேறியிருப்பாள். ஓர் ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் போக வேண்டும், இனி வரும் ஒவ்வொரு கெட்ட தூதுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். அது சரிதான். ஆனால் வாடிக்குள் கால் வைத்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாளே, அதை எந்த வாதத்தாலும் அழிக்க முடியவில்லை. அவ்வளவு சீக்கிரம் தாம் போய்ச் சேர்ந்தது எப்படி? ஹமீட் நனைந்தபடி, கயிற்றைக்கூடக் கட்டாமல், ஓடி வந்ததால்.

மங்கையற்கரசி கடப்படியில் நின்றாள். விடியவிடிய அங்கேயே நின்றிருப்பாள் போல. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"செத்திட்டாவா?" என்றாள்.

"இருக்கா. கஞ்சி குடிக்கிறா."

அவள் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள். "தூது கெட்டதுதானே? நல்லாப் பாத்தீங்களா?"

"நீயும்தானே பாத்தாய், மங்கை."

"ஓம், பாத்தன்." அவள் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வினாயகமூர்த்தி அண்டைக்கு நனைஞ்சுதான் வந்தவன்."

நல்லரத்தினத்துக்கு விளங்கவில்லை. "எண்டைக்கு?"

"அண்ணனக் கடிச்ச அண்டைக்கு. தோணியால குதிச்சு ஓடி வந்தவன். நெஞ்சுமட்டும் ஈரம். அழுதழுது வந்தான். இந்த வேலியடியிலதான் நான் கண்டன். நீங்க பின் வளவில மருந்து இடிச்சயள். அவன் அப்பிடியே வந்து நிண்டா நீங்க போகமாட்டீங்கயெண்டு எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்கே போகாத ஆள் என்ட அண்ணனுக்கா போவீங்க? அதுதான் அவனத் திருப்பி அனுப்பினன். வீட்ட போய் வேட்டி மாத்து, தலையச் சீவு, வெத்தில வாங்கிக்கொண்டு வந்து கிழக்கப் பாத்து நில்லெண்டன். எல்லாம் செய்தான். அழுகைதான் நிக்கல்ல." அவள் வேலியைக் காட்டினாள். "அழுகை நிக்குமட்டும் அவன வேலிக்கு வெளியில வைச்சிருந்தன். அழாத, அழாத, அண்ணன் தப்பவேணுமெண்டா அழாதயெண்டு நான்தான் சொல்லிச் சொல்லி..."

நல்லரத்தினத்தின் வாயில் அந்த வெற்றிலையின் காரம் ஏறியது. நல்ல தூது என்று மனம் குளிர்ந்து, அவசரமில்லாமல் சப்பிய வெற்றிலை. அவர் அவள் பக்கத்தில் குந்தினார்.

"என்ட சாத்திரத்துக்குப் பயந்துதானே செய்தாய். பிழை உன்னில இல்ல, என்னில."

"ஓம், உங்களிலதான்," என்றாள் அவள், தயவுதாட்சண்யம் இல்லாமல். "என்னிலயும்தான். இவ்வளவு நாளும் விதியெண்டு நெஞ்சத் தேத்திக்கொண்டு கிடந்தன். அந்தப் புள்ள செத்துப்போகவேணுமெண்டு ராவெல்லாம் கும்பிட்டன், தெரியுமா? அவ செத்தா என்ட அண்ணனும் விதியால செத்ததாப் போகும்."

அவருக்கும் அதே எண்ணம் வந்தது என்பதை அவர் சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்தார். அவள் உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

சற்று நேரத்தில் அவள் எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

"எங்க போறாய்?"

"முதல் மூர்த்திட வீட்ட. அவன் அண்ணனக் கொன்றது தானெண்டு நினைச்சுக்கொண்டு திரியிறான். மறுகா ஊருக்குள்ள. இனி ஆருக்குக் கடிச்சாலும் வேட்டி மாத்தாம, வெத்தில வாங்காம ஓடி வரச் சொல்லப் போறன்."

"ஏன், என்னத்துக்கெண்டு கேப்பாங்க, மங்கை."

"கேப்பாங்க. நடந்ததச் சொல்றன்."

"ஊர் உன்ன என்ன பேசும்?"

"பேசட்டும்" என்றாள். கடப்பைத் தாண்டி, வெயில் ஏறத் தொடங்கிய தெருவில், ஒருதரமும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நல்லரத்தினம் அவள் முதல் வளைவில் மறையும்வரை நின்றார். பிறகு செருப்பையும் போடாமல் அவள் பின்னால் ஓடினார்.